இருபத்திரண்டாயிரம் குஞ்சுகளும் ஒரு கையெழுத்தும்

"அக்கா, உன் கையெழுத்து போலியாம்!"

காலை பத்தேகால் மணி. போனில் என் தங்கை. அவள் குரலுக்குப் பின்னால் மழை கொட்டுவது போல ஓர் இரைச்சல். மழை இல்லை, கோழிக்குஞ்சுகள்.

"எந்தக் கையெழுத்துடி?"

"எத்தனை வெச்சிருக்கே நீ? சான்றிதழ்ல போட்டியே, அதுதான். செக்போஸ்ட்ல லாரியை ஓரம் கட்டிட்டாங்க."

"நான்தானே போட்டேன்!"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'உங்க அக்கா போடும்போது நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்களா'ன்னு இங்க இருக்கிற அதிகாரி கேக்கறாரு. பார்க்கலையே!"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிர்மேஜையில் தலைமை எழுத்தர் ஏதோ தாளை எதன் மீதோ ஒட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் எதையாவது ஒட்டுவார். அதனால்தான் மூன்றாவது மாடி முழுக்க அவருக்குப் பெயர் கோந்து சார்.

என் வேலையே கையெழுத்துப் போடுவதுதான். வர்த்தகத் துறையில் பிறப்பிடச் சான்றிதழ் பிரிவு. வெளியே போகிற சரக்கு நம் நாட்டில்தான் உருவானது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தத்தில் இருக்கிற அண்டை நாடுகள் அதற்கு வரி போடாது. வாரத்துக்கு ஒருவராவது கைக்குழந்தையோடு வந்து நின்று, "பாப்பா ஆஸ்பத்திரியில பொறந்துச்சு மேடம்" என்று ஆரம்பிப்பார். பிறப்புச் சான்றிதழ் கீழ்த்தளம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அண்டை நாடுகள் நான்கு. என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும் என்று நான்குக்கும் ஒவ்வொரு மாதிரி அட்டை போயிருக்கிறது. அங்கே எல்லைக் காவலில் இருக்கிற அதிகாரி, சான்றிதழையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் லாரியை விடுவார். மூன்று நாடுகளோடு ஒரு வருஷமாக ஒரு சிக்கலும் இல்லை. நான்காவது, மேற்கே இருக்கிற நாடு. அதனோடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததே இந்த மாதம் ஒன்றாம் தேதிதான். முதல் சரக்கு, முந்தின நாள் பொரித்த இருபத்திரண்டாயிரம் குஞ்சுகள்.

அந்தப் பொரிப்பகத்தைக் கட்டியதே மேற்கு நாட்டுக் கம்பெனியின் முதலீடுதான். என் தங்கை அங்கே சூப்பர்வைசர். தங்கை அனுப்புகிற சரக்குக்கு அக்கா கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது என்று இயக்குநரிடம் நான் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். "மேற்குக்கு உங்க அட்டை ஒண்ணுதாம்மா போயிருக்கு. வேற யாரு போடுறது?" என்று கையை விரித்துவிட்டார்.

"சரி, லாரியைத் திருப்பிக் கொண்டுவந்துடேன்" என்றேன்.

"திருப்ப முடியாது. போலின்னு சந்தேகம் வந்த சரக்கு முன்னாலயும் போகக்கூடாதாம், பின்னாலயும் போகக்கூடாதாம். லாரி ஓடினாதான் உள்ள காத்து போகும். இங்க தகரக் கொட்டகைக்குக் கீழ நிக்குது. அஞ்சு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க. நாளைக்குக் காலையில பெட்டியைத் திறந்தா சத்தம் வராதுக்கா." அவள் குரல் உடைந்தது. "முதல் லோடே போகலைன்னா, அடுத்த பொரிப்பகத்தை வேற நாட்டுல கட்டிக்கிறோம்னு முதலாளி நேத்தே சொல்லிட்டாரு. நம்ம பொரிப்பகத்துல அறுபத்திநாலு பேரு வேலை பார்க்கிறோம்."

"அந்த அதிகாரி நம்பரைக் குடு."

"பூதக்கண்ணாடியா? குடுக்கறேன். மனுஷன் என் முகத்தையே அதை வெச்சுத்தான் பார்த்தாரு."

பூதக்கண்ணாடி மிக மரியாதையாகப் பேசினார்.

"முத்திரை சரியா இருக்குங்க. நம்பர் சரி. குஞ்சுங்க விஷயத்துலகூட எனக்குக் கேள்வி இருந்துச்சு. முட்டை வடக்கு நாட்டுது, அடைகாக்கிற மெஷின் கிழக்கு நாட்டுது, முதலீடு எங்களுது. அப்புறம் குஞ்சு எப்படிங்க உங்களுது?"

"பொரிச்ச இடம்தான் பிறப்பிடம். ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம்."

"படிச்சேன். ஒத்துக்கிட்டேன். ஆனா கையெழுத்து?"

"சார், அது என்னுடையதுதான். பேசுறதே நான்தான்."

"இருக்கலாம். ஆனா போலிக் கையெழுத்துப் போட்டவங்களும் இப்படித்தானே பேசுவாங்க?"

அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.

ஐந்து நிமிஷத்தில் வந்தது. என் புகைப்படம். என் பெயர். என் பதவி. கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. முதல் எழுத்து வட்டமாக, பொங்கி, பெருமையாக எழுந்து நின்றது. வால் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறியிருந்தது. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

என் கையெழுத்து அப்படி இருக்காது. கோழி கிளறின மாதிரி இருக்கும்.

மேஜையில் கிடந்த காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. ஐந்து. கூர்ந்து பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. மூன்றாவதில் வால் இல்லை. நான்காவதில் என் பெயரே இல்லை போலிருந்தது. பத்தாவது போடும்போது, இருபது வருஷமாக நான் எப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஒருவேளை அட்டையில் இருப்பதுதான் என்னுடையதோ? நல்ல மனநிலையில், நல்ல பேனாவால் எப்போதாவது போட்டேனோ?

மணி பதினொன்றரை. போன்.

"அக்கா, பின்வரிசைப் பெட்டியில சத்தம் குறையுது."

எழுந்து போய் அலமாரியிலிருந்து மாதிரி அட்டைப் பதிவேட்டை இழுத்தேன். நான்கு அட்டைகளுக்கும் அலுவலகப் பிரதி அதில் ஒட்டியிருக்கும். வடக்கு, கோழி கிளறல். கிழக்கு, கோழி கிளறல். தெற்கு, அதே. மேற்கைத் திருப்பினேன். நீல மை. பொங்கிய வட்டம். சுருண்ட வால்.

அப்படியென்றால் எல்லையில் யாரும் அட்டையை மாற்றவில்லை. இங்கிருந்தே இப்படித்தான் போயிருக்கிறது.

தேதியைப் பார்த்தேன். போன ஆவணி பதினெட்டு. எனக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருந்தது. கண்வலி. இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பாகி, நான்கு நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். பேனாவைத் தொடவே இல்லை.

நான் இல்லாத நாளில் என் கையெழுத்தை யார் போட்டது?

பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அட்டையின் வலது மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை. காய்ந்து, மஞ்சளாக, பளபளவென்று. மையில் பதிந்தது அல்ல.

கோந்தில் பதிந்தது.

மெதுவாகத் திரும்பினேன். கோந்து சார் எதையும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை நான் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"சார்."

"மேடம்."

"நீங்களா?"

அவர் எழுந்து நின்றார். அடுத்த சித்திரையில் ஓய்வு பெறப்போகிறவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். குற்றம் செய்த பள்ளிப் பிள்ளை போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க நாலு அட்டையிலயும் கறுப்பு மையில போட்டுக் குடுத்திட்டீங்க மேடம். மேற்கு நாட்டு பாரத்துல மட்டும் நீல மைதான்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. நான் கவனிச்சப்போ நீங்க லீவு. சாயங்காலம் நாலு மணிக்குத் தூதரகத் தபால் பை கிளம்புது. அதை விட்டா அடுத்த பை ஒரு மாசம் கழிச்சு. போன் போட்டேன், உங்க வீட்டுக்காரர் எடுத்து, கண்ணைத் திறக்கவே முடியலன்னாரு. சரின்னு..."

"சரின்னு நீங்களே போட்டுட்டீங்க."

"உங்க கையெழுத்தை நான் தினம் ஐம்பது தடவை பார்க்கிறவன் மேடம்."

"அப்போ அதே மாதிரி போட்டிருக்கலாமே? இது என் கையெழுத்து மாதிரியே இல்லியே சார்!"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"அது... உங்களுது கொஞ்சம் கோணலா இருக்கும் மேடம். வெளிநாட்டுக்குப் போகுது. நம்ம நாட்டு மானம் அதுல இருக்கு. அதான் கொஞ்சம் திருத்திப் போட்டேன்."

சிரிப்பதா, அழுவதா, பக்கத்திலிருந்த கோந்து பாட்டிலை எடுத்து வீசுவதா என்று தெரியவில்லை. மூன்றையும் செய்ய நேரமில்லை.

இயக்குநர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அதாவது, அங்க இருக்கிற அசல் போலி. நீங்க அனுப்பின போலி அசல்."

"ஆமா சார்."

"புது அட்டை அனுப்பினா?"

"தூதரகப் பை வழியாத்தான் போகணும். ஒரு மாசம்."

"உண்மையைச் சொல்லிட்டா?"

"கோந்து சாருக்கு ஓய்வூதியம் போயிடும். மாதிரி அட்டையையே போலியா அனுப்பின நாடுன்னு நம்ம பேரும் போயிடும். மத்த மூணு நாடும் அப்புறம் சும்மா இருக்காது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த அட்டையில இருக்கிறது யாரு பேரு?"

"என் பேரு."

"உங்க பேரை நீங்க எப்படி வேணும்னாலும் எழுதலாம்தானே? ஜீப்பை எடுத்துக்குங்க. வெற்றுச் சான்றிதழ், முத்திரை எல்லாத்தையும் எடுத்துக்குங்க. நேர்ல போய் அந்த மாதிரியே போட்டுக் குடுத்துட்டு வாங்க."

"என் கையெழுத்தை நானே காப்பி அடிக்கணுமா சார்?"

"கோந்து சார்கிட்ட கத்துக்குங்க" என்றார் இயக்குநர். விளையாடவில்லை.

ஒரு மணிக்கு ஜீப் கிளம்பியது. முன்னால் டிரைவர், பின்னால் நானும் கோந்து சாரும், நடுவில் முத்திரைப் பெட்டி. எல்லை மூன்று மணி நேரம்.

முதல் அரை மணி நேரம் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காப்பி அடிக்கப் போவதில்லை என்று எனக்குள் உறுதியாக இருந்தது. பிறகு தங்கையிடமிருந்து போன் வந்தது. இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்த்தாளாம். அதோடு போனை வைத்துவிட்டாள்.

கைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தேன். சீட்டில் கிடந்த செய்தித்தாள் ஓரத்தில் போட்டேன்.

"வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிசா ஆரம்பிங்க மேடம்" என்றார் கோந்து சார், தயங்கித் தயங்கி.

"எங்கிருந்து?"

"இடது பக்கத்திலேர்ந்து. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. நீங்க அவசரப்படுறீங்க. அதான் கோணலாகுது."

இன்னொன்று. வால் முறிந்தது. இன்னொன்று. வட்டம் உருளைக்கிழங்காகிவிட்டது.

"என் பேரை எழுத எனக்கே சொல்லிக் குடுக்கறீங்க சார். நல்லா இருக்கா இது?"

"எனக்கே கூச்சமாத்தான் இருக்கு மேடம். வால் கீழே போய்த் திரும்பணும்."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "நான் வேணும்னா ஒண்ணு போட்டுப் பார்க்கவா மேடம்?"

"நீ ரோட்டைப் பாருப்பா!"

செய்தித்தாளின் நான்கு ஓரமும் நிறைந்துவிட்டது. விளம்பரத்தில் சிரித்த பெண்ணின் நெற்றியிலும் கன்னத்திலும்கூட நான் இருந்தேன். எண்பதுக்கு மேல் போட்டிருப்பேன். ஒன்றுகூட அட்டையோடு பொருந்தவில்லை.

"நான் போட்டுடட்டுமா மேடம்?" என்றார் கோந்து சார், ஜன்னலைப் பார்த்தபடி. "யாருக்கும் தெரியாது. நான் போட்டா அசல்னு விட்டுடுவாங்க."

அந்த வாக்கியம் என் மண்டையில் சிக்கிக்கொண்டது. நான் போட்டால் போலி. அவர் போட்டால் அசல். அப்படியென்றால் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிற நான் யார்?

"வேணாம் சார்" என்றேன்.

நாலே கால். செக்போஸ்ட்.

கொட்டகைக்குக் கீழே லாரி நின்றது. காலையில் போனில் மழை போலக் கேட்ட இரைச்சல், இப்போது குழாய் சொட்டுவது போல விட்டு விட்டுக் கேட்டது. தங்கை ஒரு அட்டைப் பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டே லாரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் குஞ்சுகளின் மஞ்சள் இறகுத்தூள். என்னைப் பார்த்தும் விசிறுவதை நிறுத்தவில்லை.

"வந்துட்டியா? போய்ப் போடு. எப்படியாவது போடு."

பூதக்கண்ணாடி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மெலிந்த மனிதர். மேஜையில் எல்லாமே நேர்கோட்டில் இருந்தன. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாதிரி அட்டையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தார்.

"முகம் பொருந்துது."

"நன்றி" என்றேன். வேறென்ன சொல்வது?

"ஆனா இங்க நான் ஒப்பிட வேண்டியது முகத்தை இல்லைங்க. விதிமுறையில முகத்துக்குக் கட்டமே கிடையாது. புதுச் சான்றிதழ் எழுதுங்க. என் கண் முன்னால கையெழுத்துப் போடுங்க. பொருந்தினா லாரி போகும். பொருந்தலைன்னா நீங்களும் இங்கதான் இருக்கணும்."

விவரங்களை எழுதினேன். பேனாவை எடுத்தேன். கோந்து சார் கதவருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தங்கை ஜன்னலுக்கு வெளியே.

நான் முடிவு செய்துவிட்டேன். எண்பது தடவை வராதது எண்பத்தோராவது தடவை வரப்போவதில்லை. என் கையெழுத்தைக் கோழி கிளறினபடியே போட்டுவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது. நாட்டு மானம் போனால் போகட்டும். இவர் மனிதர்தானே, குஞ்சுகளையாவது விடுவார்.

அவசரமில்லாமல், எதையும் நினைக்காமல் போட்டேன்.

குனிந்து பார்த்தேன்.

வட்டம் பொங்கியிருந்தது. வால் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறியிருந்தது.

கை எனக்குத் தெரியாமலே கற்றுக்கொண்டுவிட்டது!

பூதக்கண்ணாடி சான்றிதழை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடி மெதுவாக நகர்ந்தது. வட்டத்தில் நின்றது. வாலில் இறங்கியது. சுருளில் ஏறியது. சுவர்க் கடிகாரம் நாலு நாற்பத்தெட்டு.

"சரியா இருக்குங்க" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். "அசல் அசல்தான். பார்த்ததுமே தெரியுது."

என் வாய் திறந்தது. "சார், அந்த அட்டை..."

ஜன்னலில் தங்கையின் முகம். அவள் கையில் ஒரு குஞ்சு, கழுத்தை நிமிர்த்த முடியாமல், அவள் உள்ளங்கையில் சாய்ந்து கிடந்தது.

"சொல்லுங்க. அட்டை?"

"நல்ல தாள்" என்றேன்.

முத்திரை விழுந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு கேட் உயர்ந்தது. தங்கை டிரைவர் பக்கத்தில் தாவி ஏறினாள். லாரி நகர நகர, காற்று உள்ளே போகப் போக, சொட்டுச் சொட்டாக இருந்த சத்தம் மறுபடி மழையானது.

பூதக்கண்ணாடி எங்களை ஜீப் வரை கொண்டுவந்து விட்டார்.

"அப்போ காலையில வந்தது நிச்சயமாப் போலிதாங்க. யாரோ துணிச்சலா உங்க பேர்ல போட்டிருக்கான். விடாதீங்க. கண்டுபிடிச்சு எங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பணும். நீங்களே கையெழுத்துப் போட்டு."

அன்றைக்குச் செத்தவை நானூற்றுப் பதினொன்று. மீதி எல்லாம் பிழைத்துவிட்டன. தங்கை மறுநாள் போன் செய்து, இரண்டாவது பொரிப்பகத்துக்கு இடம் பார்க்க முதலாளி வருவதாகச் சொன்னாள். அழுதாளா சிரித்தாளா, இரைச்சலில் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து மேற்கு நாட்டிலிருந்து கடிதமே வந்துவிட்டது. இயக்குநர் அதில் என் பெயரை எழுதிக் கீழே அனுப்பினார். விசாரணை அதிகாரி, நான். "உங்க கையெழுத்தைப் பத்தி உங்களைவிட யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

கோந்து சார் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். அழகாக ஒட்டியிருந்தார். முதல் பக்கத்தில், போலி என்று சிவப்பில் சுழித்து, என்னுடைய கோழி கிளறல். அதற்குக் கீழே, அசல் என்று பச்சையில், அவருடைய வட்டமும் வாலும். போலியாக இட்டவர் யார் என்ற கேள்விக்கு நேராகக் 'கண்டறிய இயலவில்லை' என்று எழுதினேன். அது பொய்யா உண்மையா என்று எனக்கே பிடிபடவில்லை. அதற்கும் கீழே வெற்றிடம். விசாரணை அதிகாரி கையெழுத்து.

"கறுப்பா நீலமா மேடம்?" என்றார்.

"பேசாம இருங்க சார்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கை எதைப் போடுகிறதோ போடட்டும் என்று போட்டேன். திறந்தேன். வட்டம் இருந்தது, ஆனால் பொங்கவில்லை. வால் இறங்கியது, ஆனால் திரும்பவில்லை. கடைசியில் என்னவோ ஒரு இழுப்பு.

கோந்து சார் குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"மேடம், இது உங்களுதும் இல்ல. என்னுதும் இல்லியே?"